கணக்கெடுப்பு இரவில் மூடிய இணையதளம்: ஆஸ்திரேலியா 2016, ஒரு நிகழ்வு ஆய்வு

2016 ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை. அன்று இரவு ஆஸ்திரேலியாவின் தேசிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இணையதளம் மூடப்பட்டது. இரவுச் சாப்பாடு முடித்துப் படிவம் நிரப்ப உட்கார்ந்த குடும்பங்கள் திரும்பத் திரும்ப முயன்று பார்த்துவிட்டுப் படுக்கப் போயின. சுமார் 40 மணி நேரம் கழித்துத்தான் தளம் திரும்ப வந்தது.

இந்த நிகழ்வு பற்றி நாடாளுமன்ற மேலவைக் குழு ஒன்றும், பிரதமரின் இணையப் பாதுகாப்பு ஆலோசகரும் தனித்தனியாக விசாரித்து, 2016 நவம்பரில் அறிக்கை வெளியிட்டார்கள். அதனால் என்ன நடந்தது என்பது ஓரளவு தெளிவாகவே பதிவாகியிருக்கிறது. சம்பந்தப்பட்ட அதிகாரிகளின் பெயர்களை இங்கே விட்டுவிட்டேன். எந்த முடிவு எந்த நேரத்தில், என்ன காரணத்தால் எடுக்கப்பட்டது என்பதுதான் இங்கே முக்கியம். இந்தியாவின் அடுத்த கணக்கெடுப்பிலும் வீட்டார் தாங்களே இணையத்தில் விவரம் நிரப்பும் வசதி வருகிறது என்பதால், இதை நாம் நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பின்னணி

ஆஸ்திரேலியாவில் முதல் தேசியக் கணக்கெடுப்பு 1911-ல் நடந்தது. 1961 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 2016-ல் நடந்தது 17-வது. நம் ஊரில் கணக்கெடுப்பாளர் வீட்டு வாசலில் நின்று கேட்டு எழுதிக்கொள்வார். அங்கே குடும்பமே படிவத்தை நிரப்பித் தர வேண்டும். குறிப்பிட்ட ஓர் இரவில் யார் எந்தக் கூரையின் கீழ் இருந்தார்களோ, அங்கேயே எண்ணப்படுவார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளி, ஓட்டலில் தங்கிய பயணி, மருத்துவமனையில் படுத்திருப்பவர் என எல்லாரும் அந்தந்த இடத்தில் சேர்த்தி. மாநிலங்களுக்கு வரி வருவாயைப் பிரித்துக் கொடுப்பதும், கீழவையில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடங்கள் என்பதும் மக்கள்தொகை மதிப்பீட்டை வைத்து நடக்கின்றன. அந்த மதிப்பீட்டுக்கு அடித்தளம் இந்தக் கணக்கெடுப்பு.

2016-க்கு முன்புவரை களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் படிவத்தைக் கொடுத்து, பிறகு திரும்ப வாங்கினார்கள். 2006-ல் இணைய வழியும் சேர்ந்தது. 2011-ல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு படிவங்கள் இணையத்தில் வந்தன. 2016-ல், கணக்கெடுப்பை நடத்தும் அரசு அமைப்பான புள்ளியியல் பணியகம் முறையைத் தலைகீழாக மாற்றியது. பெரும்பாலான முகவரிகளுக்கு 12 இலக்க லாகின் எண்ணோடு ஒரு கடிதம் போகும். காகிதப் படிவம் வேண்டுமென்றால் போன் செய்து கேட்டு வாங்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு பேர் இணையத்தில் நிரப்புவார்கள், 10 கோடி டாலருக்கு மேல் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டார்கள்.

இந்த முடிவைத் தவறு என்று சொல்ல மாட்டேன். வாசலில் காவலாளி நிற்கும் அடுக்குமாடிகள் பெருகிவிட்டன. பகலில் வீட்டில் ஆள் இருப்பதில்லை. களப்பணிக்கு ஆள் கிடைப்பதும் வரவரக் கஷ்டம். கடிதமும் இணையமும் முதலில், ஆள் போவது பிறகு என்ற வரிசை நியாயமானதுதான்.

ஆனால் அதற்கான தயாரிப்புக் காலம் கலங்கலாக இருந்தது. பணியகத்தின் தலைமைப் பதவி 2014-ல் பெரும்பகுதி நேரம் நிரப்பப்படாமலே கிடந்தது. 2015 தொடக்கத்தில் 2016 கணக்கெடுப்பையே கைவிட்டு, பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தலாமா என்ற யோசனை அரசுக்குள் ஓடியது. நடக்கும் என்று உறுதியானது அந்த ஆண்டு மே மாதத்தில்தான். இணையப் படிவத்தை உருவாக்கி நடத்தும் வேலை, முந்தைய இரண்டு கணக்கெடுப்புகளிலும் அதைச் செய்த ஐ.பி.எம். நிறுவனத்துக்கே, திறந்த டெண்டர் இல்லாமல், சுமார் 96 லட்சம் டாலருக்குப் போனது. பழகிய நிறுவனம், பழகிய அமைப்பு, குறைந்த நேரம். இந்த மூன்றும் சேரும்போது யாரும் அதிகம் கேள்வி கேட்பதில்லை.

பெயரை வைத்துக்கொள்வது பற்றிய முடிவு

இணையதளம் விழுவதற்கு மாதக்கணக்கில் முன்பே நம்பிக்கை விழத் தொடங்கியிருந்தது. இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதி இது.

அதுவரை படிவத்தில் வரும் பெயரும் முகவரியும் வேலை முடிந்ததும், அதிகம் போனால் 18 மாதத்தில், அழிக்கப்பட்டு வந்தன. 2015 டிசம்பர் 18 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, இனி அவற்றை வைத்துக்கொள்ளப் போவதாகப் பணியகம் அறிவித்தது. பின்னர் நான்கு ஆண்டு என்று உச்ச வரம்பு சொன்னார்கள். காரணம் புள்ளியியலாளர்களுக்குப் புரியும். பெயரையும் முகவரியையும் வைத்து ஒரு குறியீட்டை உருவாக்கினால், கணக்கெடுப்புத் தரவை சுகாதாரம், கல்வி போன்ற பிற பதிவுகளோடு இணைத்துப் பார்க்கலாம். புதிதாக ஒரு ஆய்வு நடத்தாமலே எத்தனையோ கேள்விகளுக்கு விடை கிடைக்கும்.

பயன் உண்மையானதுதான். அதை மக்களிடம் கேட்ட விதம்தான் பிரச்சினை. தனியுரிமைத் தாக்கம் பற்றிய மதிப்பீட்டை வெளியார் யாரிடமும் கொடுக்காமல் பணியகமே செய்தது. கருத்துக் கேட்டபோது வந்த பதில்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எதிர்ப்பு இல்லை என்று அதற்குப் பொருள் கொண்டார்கள். விஷயம் யாருக்கும் போய்ச் சேரவே இல்லை என்பதுதான் சரியான பொருளாக இருந்திருக்கும்.

ஜூலை கடைசியில் வீடுகளுக்குக் கடிதம் வரத் தொடங்கியதும் பேச்சு கிளம்பியது. பெயரைத் தர மாட்டோம், அபராதம் வந்தாலும் பரவாயில்லை என்று சில மேலவை உறுப்பினர்கள் வெளிப்படையாக அறிவித்தார்கள். கணக்கெடுப்புக்குப் பதில் தர மறுத்தால் நாளொன்றுக்கு 180 டாலர் வரை அபராதம் விதிக்கலாம் என்ற செய்தியும் அதே நாட்களில்தான் பரவியது. சந்தேகத்தோடு நிற்பவரிடம் காரணத்தைச் சொல்வதற்கு முன் அபராதம் காதில் விழுந்தால், அவருக்குச் சந்தேகம் இன்னும் கெட்டிப்படும்.

எல்லாரும் அதே இரவில்

ஆகஸ்ட் 9 என்பது எண்ணிக்கைக்கான குறிப்பு நேரம் மட்டுமே. அன்றிரவு எங்கே இருந்தீர்கள் என்பதுதான் கேள்வி. பதிலை அதற்கு முன்பும் நிரப்பலாம், அதற்குப் பிறகு பல வாரங்கள்வரையும் நிரப்பலாம். ஆனால் விளம்பரங்கள் ஆகஸ்ட் 9-ஐயே அழுத்திச் சொல்லின. அன்று நிரப்பாவிட்டால் அபராதம் என்றே ஏராளமானவர்கள் நம்பினார்கள். காகிதப் படிவம் கேட்டுப் போன் செய்தவர்களுக்கு லைன் கிடைக்கவில்லை. வயதானவர்களும் இணைய வசதி இல்லாதவர்களும் ஒரு வாரம் முன்பே பதறத் தொடங்கிவிட்டார்கள்.

இதற்குப் பணியகத்தின் பதில் ஒரு எண்ணாக வந்தது. மணிக்கு 10 லட்சம் படிவங்களைத் தாங்கும்படி சோதித்திருக்கிறோம், எதிர்பார்க்கும் கூட்டத்தைப் போல அது இரண்டு மடங்கு என்றார்கள். அந்த எண்ணில் பொய் இல்லை. ஆனால் நேர்மையான பயனாளர்களின் கூட்டத்தைத் தாங்குவது வேறு, வேண்டுமென்றே குவிக்கப்படும் போலிக் கோரிக்கைகளைச் சமாளிப்பது வேறு. பெயர் சர்ச்சையால் நாடே அந்தத் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வாரத்தில் இரண்டாவது வகை வரும் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும்.

அன்று பகல்

காலை 10 மணி தாண்டியதும் முதல் தாக்குதல் வந்தது. பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் கோரிக்கைகளை அனுப்பி, உண்மையான பயனாளருக்கு வழியில்லாமல் செய்யும் வகை அது. சில நிமிடங்கள் தளம் தடுமாறியது. முற்பகல் 11.46-க்கு இரண்டாவது. அப்போது முன்பே வகுத்திருந்த திட்டத்தை இயக்கினார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் போக்குவரத்து முழுவதையும் தடுத்து, உள்நாட்டு இணைப்புகளை மட்டும் அனுமதிப்பதுதான் திட்டம். அதற்கு 'தீவு ஆஸ்திரேலியா' என்ற பொருளில் பெயர் வைத்திருந்தார்கள். கணக்கெடுப்பில் பதில் தர வேண்டியவர்கள் நாட்டுக்குள்தான் இருக்கிறார்கள் என்பதால், கேட்க நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது.

தடுப்பைப் போட்டதும் பாஸ்வேர்ட் மாற்றும் சேவை நின்றுபோனது. அது வெளிநாட்டு சர்வரை நம்பி இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. மாலை 5 மணி வாக்கில் மூன்றாவதாக ஒரு சிறிய தாக்குதல் வந்து போனது. மூன்று முறை எச்சரிக்கை கிடைத்தும், இரவின் உச்ச நேரத்துக்கு மாற்று ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை. பகலில் சமாளித்துவிட்டோம் என்ற தெம்பு இரவைப் பற்றிய தப்பான நம்பிக்கையைத் தந்துவிட்டது என்றே படுகிறது.

இரவு 7.30-க்குப் பிறகு

நான்காவது தாக்குதல் இரவு 7.30-ஐ ஒட்டி வந்தது. மக்கள் கூட்டமும் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. வெளிநாட்டுத் தடுப்பு முழுமையாக வேலை செய்யவில்லை. தளத்துக்கு இணைப்புத் தந்த வழிகளில் ஒன்றில் தடுப்பு சரியாகப் போடப்படாததால், அந்த ஓட்டை வழியே வெளிப் போக்குவரத்து உள்ளே வந்தது. தளத்தின் இணையப் போக்குவரத்தை வழிநடத்தும் ரூட்டர் திணறியது. அதை அணைத்துப் போட்டார்கள். திரும்ப எழும்போது தன் அமைப்பு விவரங்களை அதனால் சரியாக ஏற்ற முடியவில்லை. ரூட்டரை மின்சாரத்தோடு முழுதாக அணைத்துப் போட்டு முன்பே சோதித்திருந்தால் இந்தக் குறையைக் கண்டுபிடித்திருக்கலாம் என்று மேலவை விசாரணையில் நிறுவனத்தின் தரப்பே ஒப்புக்கொண்டது. கோடிக்கணக்கில் செலவழித்த ஏற்பாட்டில் இவ்வளவு எளிய ஒரு சோதனை விடுபட்டிருந்தது.

இதற்கு நடுவே கண்காணிப்புத் திரையில் இன்னொரு குறி தெரிந்தது. தளத்திலிருந்து வெளியே தரவு போவதுபோன்ற அசாதாரண அளவு. மக்கள் கொடுத்த விவரங்களை யாரோ எடுத்துக்கொண்டு போகிறார்களோ என்ற அச்சம் எழுந்தது. அது தவறான எச்சரிக்கை என்பது பின்னால்தான் தெரிந்தது. அந்த நிமிடத்தில் அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

இரவு 8 மணி வாக்கில் பணியகம் படிவத்தை மூடியது. அந்த இரவில் எடுத்த முடிவுகளில் இதுதான் சரியான முடிவு என்பேன். அதற்குள் 20 லட்சத்துக்கு மேற்பட்ட படிவங்கள் வந்து சேர்ந்திருந்தன. அவற்றில் ஒரு வீட்டின் விவரம் வெளியே போயிருந்தாலும், ஐந்தாண்டு கழித்து யாரும் உண்மையான பதில் தரமாட்டார்கள். ஒரு இரவு போனால் போகட்டும், கொடுத்த தரவைக் காப்போம் என்று முடிவு செய்தவர்கள் தங்கள் வேலையின் சாரத்தைப் புரிந்தவர்கள்.

மூடியதை உடனே தெளிவாகச் சொல்லாததுதான் தவறு. மக்கள் மணிக்கணக்கில் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று இனி வராது, காலையில் சொல்கிறோம் என்ற அறிவிப்பு இரவு 11 மணி வாக்கில்தான் வந்தது. மறுநாள் காலை நிலைமை இன்னும் மோசமானது. வெளிநாட்டிலிருந்து வந்த தாக்குதல் என்றார் பணியகத் தலைவர். பொறுப்பு அமைச்சரோ, இது தாக்குதலும் இல்லை, ஊடுருவலும் இல்லை என்றார். இருவரும் ஒரே சம்பவத்தைத்தான் சொன்னார்கள். கேட்டவர்களுக்கு ஒருவர் மறைக்கிறார் என்றே தோன்றியது.

தளம் திரும்பிய பிறகு

நாட்டின் மின்னணுப் பாதுகாப்பு அமைப்பு தளத்தைச் சோதித்து, தரவு எதுவும் களவு போகவில்லை என்று உறுதி செய்தது. அதன் பிறகே, ஆகஸ்ட் 11 பிற்பகலில், தளம் திறந்தது. தாமதமாக நிரப்புபவர்களுக்கு அபராதம் இல்லை என்று அறிவித்தார்கள். கடைசித் தேதி செப்டம்பர் 23 வரை நீண்டது. நினைவூட்டல் கடிதங்கள் போயின, பதில் வராத வீடுகளுக்குக் களப்பணியாளர்கள் போனார்கள்.

கணக்கெடுப்பைக் காப்பாற்றியது இந்த ஆறு வார வேலைதான். இதைப் பற்றிச் செய்தி அதிகம் வரவில்லை. கோபத்தோடு கதவைத் திறந்தவர்களிடம், தங்கள் கையில் இல்லாத ஒரு தவறுக்குப் பதில் சொல்லி, படிவத்தை வாங்கிவந்த தற்காலிகப் பணியாளர்களுக்கு அறிக்கைகளில் இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

முடிவில் 95.1 சதவீத வீடுகளிலிருந்து பதில் வந்தது. 2011-ல் இது 96.5 சதவீதம். எண்ணப்பட்டவர்கள் 2 கோடியே 34 லட்சம் பேர், அவர்களில் 63.4 சதவீதம் பேரின் விவரம் இணையத்தில் வந்தது. விடுபட்டவர்கள் எத்தனை பேர் என்று பிறகு தனி மாதிரி ஆய்வு நடத்திப் பார்த்தபோது நிகர விடுபாடு 1.0 சதவீதம். 2011-ல் இருந்த 1.7-ஐ விடக் குறைவு. வெளி வல்லுநர் குழு ஒன்று தரவை ஆராய்ந்து, பயன்படுத்தத் தக்கது என்று 2017 ஜூனில் சொன்னது. அந்தக் கணக்கில் வீட்டில் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் 73,000-க்கு மேல். தமிழ் நூலகப் பிரிவு வேண்டும், முதியோர் இல்லத்தில் தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று அங்கே கேட்பவர்கள் காட்டுவது இந்த எண்ணைத்தான்.

அந்த இரவால் அரசுக்கு ஏற்பட்ட கூடுதல் செலவு சுமார் 3 கோடி டாலர். நிறுவனம் மேலவைக் குழு முன் மன்னிப்புக் கேட்டது, இழப்பீடு பற்றி அரசோடு உடன்பாடும் செய்துகொண்டது.

விசாரணைகள் கண்டது

ஆலோசகரின் அறிக்கை வந்த தாக்குதல்களைச் சிறியவை, எதிர்பார்த்திருக்கக் கூடியவை என்றது. அந்த மதிப்பீட்டை நான் முழுதாக ஏற்கிறேன். பெரிய எதிரி யாரும் வரவில்லை. தடுப்புத் திட்டத்தைப் போதுமான அளவு சோதிக்காததும், ஒப்பந்த நிறுவனம் சொன்னதைப் பணியகம் தானாகச் சரிபார்க்காமல் ஏற்றதும், ஒரே நிறுவனத்தை நீண்ட காலம் சார்ந்திருந்ததும் சேர்ந்துதான் தளத்தைச் சாய்த்தன. வேலையை வெளியே கொடுக்கலாம், பொறுப்பை வெளியே கொடுக்க முடியாது. பணியகத்துக்குள் இதைக் குடைந்து கேட்கும் அறிவுள்ள ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

மேலவைக் குழு தன் அறிக்கையின் தலைப்பிலேயே நம்பிக்கை என்பதை வைத்தது. ரூட்டரை விட டிசம்பர் 18 அறிவிப்பு கனமான தவறு என்பது என் கருத்தும் கூட. பெயர் சர்ச்சை இல்லாதிருந்தால், அந்த இரவுத் தடங்கலை மக்கள் ஒரு கோளாறாகப் பார்த்துவிட்டு விட்டிருப்பார்கள்.

2021-ல் மாறியவை, மாறாதது

அடுத்த கணக்கெடுப்பின் நாள் 2021 ஆகஸ்ட் 10. சிட்னியும் மெல்போர்னும் கொரோனா ஊரடங்கில் இருந்தன. இந்த முறை இணையப் படிவத்துக்கு வேறு நிறுவனமும் வேறு மேடையும். கடிதம் கைக்கு வந்ததுமே நிரப்பலாம், அந்த இரவுவரை காத்திருக்க வேண்டாம் என்று முதலிலிருந்தே சொன்னார்கள். கூட்டம் பல நாட்களுக்குப் பரவியது. ஏறத்தாழ ஐந்தில் நான்கு படிவங்கள் இணையத்தில் வந்தன, வீடுகளின் பதில் 96.1 சதவீதமாக உயர்ந்தது, நிகர விடுபாடு 0.7 சதவீதமாகக் குறைந்தது. பெரிய தொழில்நுட்பப் புதுமையை விட, எப்போது வேண்டுமானாலும் நிரப்பலாம் என்ற அந்த ஒரு அறிவிப்புக்கே அதிகப் பலன் என்று நினைக்கிறேன்.

ஆனால் இன்னொரு எண் அசையவில்லை. நாட்டின் பூர்வகுடிகளான அபாரிஜினல், டாரஸ் நீரிணைத் தீவு மக்களிடையே விடுபாடு 2011-ல் 17.2 சதவீதம், 2016-ல் 17.5, 2021-ல் 17.4. தேசிய எண்ணிக்கையில் அபாரிஜினல் மக்களைச் சேர்க்கக்கூடாது என்றிருந்த அரசியல் சட்டப் பிரிவு 1967 வாக்கெடுப்பில்தான் நீக்கப்பட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தச் சமூகத்தில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் கணக்கில் விடுபடுகிறார். 40 மணி நேரத் தடங்கலுக்கு இரண்டு விசாரணைகள் நடந்த நாட்டில், இதற்கும் அதே அவசரம் காட்டப்பட வேண்டும்.

இந்தியாவுக்காகப் பார்க்கும்போது

2011-ல் நம் குறிப்பு நேரம் மார்ச் 1, நள்ளிரவு 0 மணி. கணக்கெடுப்பாளர்கள் பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடுகளுக்குப் போனார்கள், 28 இரவு வீடற்றவர்களை எண்ணினார்கள், மார்ச் 1 முதல் 5 வரை பிறப்பு, இறப்புகளைச் சரிபார்த்துத் திருத்தினார்கள். குறிப்பு நேரம் ஒன்று, வேலை பல நாட்கள். ஆஸ்திரேலியா 2016-ல் தவறவிட்ட இந்த வேறுபாடு நம் முறைக்குள் முன்பிருந்தே இருக்கிறது. 2027 கணக்கெடுப்பில் சுயமாக நிரப்பும் வசதியை விளம்பரம் செய்யும்போது, கடைசி நாளைப் பெரிய எழுத்தில் போட்டு அந்த வேறுபாட்டைக் கலைத்துவிடக் கூடாது.

சாதி விவரமும் இந்த முறை கேட்கப்படப் போகிறது. 1948 கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-வது பிரிவின்படி கணக்கெடுப்புப் பதிவுகளை யாரும் பார்வையிட முடியாது, நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் அவை ஏற்கப்படாது. இது கணக்கெடுப்பாளருக்கே தெரியாமல் போனால் வீட்டாருக்கு யார் சொல்வது? பயிற்சி வகுப்பில் செயலியை எப்படி இயக்குவது என்பதற்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பகுதியாவது, பெயர் எதற்கு, எவ்வளவு காலம் இருக்கும், யார் பார்ப்பார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கு எளிய தமிழில் பதில் சொல்லப் பழக்குவதற்குப் போக வேண்டும்.

அப்புறம், தளம் நின்றால் என்ன செய்வது என்பது. சுயமாக நிரப்பாதவர்களின் வீட்டுக்குக் கணக்கெடுப்பாளர் வருவார் என்பது நமக்கு இருக்கும் பெரிய பலம். ஆனால் இந்த முறை அவர் கையில் இருப்பதும் மொபைல் செயலிதான். எனவே செயலியோ சர்வரோ முடங்கினால் அன்றைய வேலையைக் காகிதத்தில் தொடர்வதா, நிறுத்திவைப்பதா, அதை முடிவு செய்வது வட்டாட்சியரா மாவட்ட நிர்வாகமா, மக்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள் அறிவிப்பது யார் என்பதெல்லாம் களப்பணி தொடங்கும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும், அந்தத் தாள் ஒவ்வொரு மேற்பார்வையாளர் பையிலும் இருக்க வேண்டும்.